வேடங்களும் வாழ்வும்: ருக்மிணி தேவி அருண்டேல் வாழ்வில் வகைமாதிரிப் பாத்திரங்கள் – இத்தாலிய முகமூடி நாடக மரபோடு ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

கதைமாந்தரைத் தனிமனிதர்களாகப் படைக்காமல் நிலைத்த வகைமாதிரிகளாகப் படைப்பது உலக நாடக மரபுகள் பலவற்றின் இயல்பு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் தோன்றிய கொம்மேதியா தெல்லார்தே இதற்குச் சிறந்த சான்று. தமிழில் அகத்திணை மாந்தரும், குறவஞ்சி, தெருக்கூத்து, பாகவத மேளா ஆகியவற்றின் பாத்திரங்களும் இவ்வியல்பின. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலின் (1904–1986) வாழ்க்கையை இக்கட்டுரை இவ்வகைமாதிரிகளின் வழியே ஆராய்கிறது. சமூகம் அவருக்கு அணிவித்த வேடங்கள், அவர் மேடைக்கு மீட்டுக் கொணர்ந்த வேடங்கள், அவர் ஏற்க மறுத்த வேடங்கள் என மூவகையாக அவர்தம் வாழ்வு பகுத்து நோக்கப்படுகிறது. தலைவிக்குரிய வேடத்தைக் காட்டிலும் குறத்திக்குரிய வேடமே அவர் வாழ்வுக்கு நெருக்கமானது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: ருக்மிணி தேவி, கலாக்ஷேத்திரா, குறவஞ்சி, கட்டியங்காரன், கோணங்கி, கொம்மேதியா தெல்லார்தே, வகைமாதிரிப் பாத்திரம்

1. முன்னுரை

சென்னையின் தென்பகுதியில் கடற்கரையை ஒட்டி அமைந்த பெசன்ட் நகர், பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட்டின் பெயரைத் தாங்கியது. அதன் வடக்கே அடையாற்றுப் பகுதியில் பிரம்மஞான சபையின் தோட்டமும், தெற்கே திருவான்மியூர் எல்லையில் கலாக்ஷேத்திராவும் உள்ளன. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும் இப்பகுதியிலேயே அமைந்துள்ளது. உ. வே. சா. 1942இல் மறைந்தபின், அவர் தொகுத்த சுவடிகளையும் நூல்களையும் காக்கும் பொருட்டு 1943இல் அந்நூல்நிலையம் தோன்றியதில் ருக்மிணி தேவிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆடலுக்கும் ஏட்டுச்சுவடிக்கும் ஒருங்கே இடம் தேடிய பெண்மணி ஒருவரின் தடம் இப்பகுதி முழுவதும் பதிந்துள்ளது.

ருக்மிணி தேவியின் வாழ்வை எழுதுவோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். அழியவிருந்த கலையைக் காத்தவர் என்பது ஒன்று. மரபுவழிக் கலைமகளிரிடமிருந்து அக்கலையை மேல்தட்டினருக்கு மாற்றியவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே அவரை ஒரு வகைமாதிரியாக்கிவிடுகின்றன. காப்பாளர், கவர்ந்தவர் என்னும் இரு முகமூடிகளுக்கு அப்பால் அவரைக் காண்பதற்கு, முகமூடி என்னும் கருத்தாக்கத்தையே கருவியாகக் கொள்ளலாம். இத்தாலிய மரபு ருக்மிணி தேவியின்மீது நேரடித் தாக்கம் செலுத்தியது என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒப்பியல் நோக்கே இங்கு மேற்கொள்ளப்படுகிறது.

2. வகைமாதிரிப் பாத்திரங்கள்: இத்தாலியும் தமிழகமும்

நடிகர் குழுவொன்று முறையான ஒப்பந்தம் செய்துகொண்டு தொழில்முறையில் இயங்கியமைக்கு முதற்சான்றாக 1545ஆம் ஆண்டின் பதுவா நகர ஆவணம் காட்டப்படுகிறது. இக்குழுக்கள் முழுமையாக எழுதப்பட்ட உரையாடலை மனனம் செய்து நடிக்கவில்லை. கதைப்போக்கைக் குறிக்கும் சுருக்கமான வரைவை வைத்துக்கொண்டு, மேடையிலேயே பேச்சையும் செயலையும் புனைந்தன. இது இயன்றதற்குக் காரணம் பாத்திரங்கள் நிலையானவையாக இருந்தமையே. பொருளாசையும் முதிர்ந்த வயதில் காமமும் கொண்ட வெனிஸ் வணிகர் பந்தலோனே, பொருளற்ற புலமை பேசும் பொலோஞா நகர அறிஞர் தொத்தோரே, வீரம் பேசி அஞ்சி ஓடும் படைத்தலைவர் கப்பித்தானோ, பசித்த வயிறும் துள்ளும் உடலும் உடைய பணியாளர் ஆர்லெக்கினோ, கூரிய அறிவுடைய பணிப்பெண் கொலம்பினா ஆகியோர் ஒவ்வொரு கதையிலும் மீண்டும் மீண்டும் தோன்றினர். காதலர் முகமூடியின்றி வந்தனர். கதையோட்டத்தை இடைநிறுத்திப் பணியாட்கள் நிகழ்த்தும் நகைச்சுவைத் துணுக்குகள் லாட்ஸி எனப்பட்டன.

தமிழ் மரபில் இதற்கிணையான சிந்தனை மிகப் பழமையானது. அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. தலைவன், தலைவி, தோழி, பாங்கன், செவிலி, நற்றாய், பரத்தை என்னும் மாந்தர் பெயரற்றவர். ஆயினும் ஒவ்வொருவரும் எந்தச் சூழலில் எதனைக் கூறுவர் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. கொலம்பினா தன் தலைவியின் காதலை நிறைவேற்ற மேற்கொள்ளும் சூழ்ச்சிகள், அகப்பாடல்களில் தோழி மேற்கொள்ளும் படைத்துமொழி, அறத்தொடு நிற்றல் ஆகியவற்றோடு ஒப்பிடத்தக்கன. நாட்டிய சாத்திரம் வகுத்த எண்வகை நாயகியரும் விதூடகனும் இவ்வரிசையில் அடங்குவர். தெருக்கூத்திலும் குறவஞ்சியிலும் வரும் கட்டியங்காரன், பாகவத மேளாவில் முதலில் தோன்றும் கோணங்கி ஆகியோர் அவையோரையும் கதையையும் இணைக்கும் நகைச்சுவை மாந்தர்.

எனினும் ஒரு வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. அகமரபில் வகைமாதிரி, தனிமனிதரின் பெயரை மறைத்துப் பொதுமையான உணர்வை வெளிக்கொணர்கிறது. இத்தாலிய மரபில் நடிகர் தம் வாழ்நாள் முழுவதும் ஒரே வேடத்தை ஏற்று, ஈற்றில் அவ்வேடத்தின் பெயராலேயே அறியப்பட்டார். இசபெல்லா அந்திரேனி (1562–1604) என்னும் நடிகை தம் பெயரையே காதலி வேடத்துக்கு அளித்தார். வேடம் மனிதரை விழுங்குவதும், மனிதர் வேடத்தை ஆள்வதும் ஆகிய இரு வாய்ப்புகளும் அம்மரபில் இருந்தன. ருக்மிணி தேவியின் வாழ்வில் எழுந்த சிக்கலும் இதுவே.

3. பிறர் அணிவித்த வேடங்கள்

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டு, பின்னர் அடையாற்றில் குடியேறியவர். சபையின் சூழலில் வளர்ந்த ருக்மிணிக்குக் கீழை, மேலை நாட்டுக் கலைகள் இரண்டும் இளமையிலேயே அறிமுகமாயின.

1920இல் சபையின் முன்னணிக் கல்வியாளரான ஜார்ஜ் சிட்னி அருண்டேலை அவர் மணந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. அருண்டேலுக்கு நாற்பதைக் கடந்திருந்தது. மரபுவழி அந்தணக் குடும்பத்துப் பெண் ஆங்கிலேயர் ஒருவரை மணந்தமை சென்னைச் சமூகத்தில் பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. முதிய ஆடவரும் இளம்பெண்ணும் என்னும் இணை, எல்லா நாட்டு நகைச்சுவை நாடகங்களிலும் காணப்படும் இணை. பந்தலோனேயின் கதைகள் பெரும்பாலும் இவ்விணையைச் சுற்றியே பின்னப்பட்டவை. தமிழகத்திலும் பொருந்தா மணத்தைச் சாடும் எழுத்துகள் அக்காலத்தில் பெருகியிருந்தன. எனவே ஊரார் அவ்விருவரையும் தாம் முன்பே அறிந்த ஒரு கதையின் மாந்தராகவே கண்டனர். உண்மை வாழ்வு அக்கதையைப் பின்பற்றவில்லை. மனைவியின் கலைமுயற்சிகளுக்கு அருண்டேல் இறுதிவரை உறுதுணையாக நின்றார். பிரம்மஞான சபையின் தலைவராக 1934 முதல் 1945இல் மறையும்வரை பணியாற்றியபோது கலாக்ஷேத்திரா காலூன்ற வழிவகுத்தார்.

இரண்டாவது வேடத்தை அணிவித்தவர்கள் பகைவரல்லர்; அன்பர்களே. ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக ஆசானாக அறிவித்த சபை, 1920களின் பிற்பகுதியில் உலக அன்னை என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்து ருக்மிணியை அதன் உருவாக நிறுத்தியது. இருபத்து நான்கு வயது நிரம்பிய பெண்ணுக்குத் தெய்வத் தாய்மையின் முகமூடி அளிக்கப்பட்டது. 1929இல் கிருஷ்ணமூர்த்தி தமக்களிக்கப்பட்ட பீடத்தை வெளிப்படையாகத் துறந்து, அதற்கென அமைந்த இயக்கத்தையும் கலைத்தார். ருக்மிணி அத்தகைய அறிவிப்பு எதனையும் முதன்மைப்படுத்தாமல் அவ்வேடத்திலிருந்து மெல்ல விலகினார். அவர் நாடிச் சென்ற வெளி வேறாக இருந்தது.

1928இல் பம்பாயில் ருஷ்ய ஆடற்கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நிகழ்ச்சியை அவர் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியப் பயணத்தில் இருவரும் ஒரே கப்பலில் செல்ல நேர்ந்தது, நட்பு வளர்ந்தது. பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே பயின்றார். பாலே மரபோ இத்தாலிய முகமூடி மாந்தரைத் தனக்குள் ஏற்றுக்கொண்ட மரபு. பெத்திபா 1900இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் அமைத்த ஆர்லெக்கின் பாலேயும், 1911இல் ஸ்திராவின்ஸ்கியின் இசையில் பாரிசில் அரங்கேறிய பெத்ரூஷ்காவும் அதற்குச் சான்றுகள். ஊர்ச் சந்தைகளில் ஆடப்பட்ட எளிய கலை, உருமாறி உயர்ந்த அரங்குகளை அடைந்த வரலாறு அம்மரபில் உண்டு. ருக்மிணியைத் தம் நாட்டுக் கலையின்பால் திருப்பியவர் பாவ்லோவாவே என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

4. மேடையேறிய பெண்: பழியும் துணிவும்

1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகளிர் இருவர் நிகழ்த்திய ஆடலை, இ. கிருஷ்ண ஐயரின் அழைப்பின்பேரில் ருக்மிணி கண்டார். அதன்பின் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935 டிசம்பரில் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அவர் ஆடினார்.

அக்காலச் சூழலில் இச்செயலின் பொருளை உணர்வதற்கு இத்தாலிய ஒப்புமை துணைபுரியும். நடிகை ஒருவர் பெயர் இடம்பெறும் தொடக்ககால இத்தாலிய ஒப்பந்தம் 1564ஆம் ஆண்டினது. மேடையேறும் பெண்ணைக் கணிகையாகவே கருதிய சூழலில் அம்மகளிர் தொழில் நடத்தினர். இசபெல்லா அந்திரேனி கவிதை எழுதியும், கற்றோர் அவையில் உறுப்பினராகியும் அப்பழியை மாற்ற முயன்றார். 1604இல் லியோன் நகரில் மறைந்தபோது அந்நகரம் அவருக்குச் சிறப்புச் செய்தது. ஒரு பெண்ணின் தனிச்சிறப்பு ஒரு தொழிலின் மதிப்பை உயர்த்திய நிகழ்வு அது.

தமிழகத்தில் நிகழ்ந்தது இதனினும் சிக்கலானது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்று, 1947இல் சென்னை மாகாணச் சட்டமாக நிறைவேறியது. மரபுவழிக் கலைமகளிர்மீது படிந்த பழி அவர்களை மேடையிலிருந்து விலக்கிய அதே ஆண்டுகளில், அப்பழிக்கு உட்படாத குடும்பத்திலிருந்து வந்த ருக்மிணி மேடையேறினார். இசபெல்லா தம் தொழிலுக்கு உள்ளிருந்தே மதிப்பைத் தேடினார். ருக்மிணி வெளியிலிருந்து மதிப்பைக் கொண்டுவந்தார். அம்மதிப்பு கலைக்குக் கிடைத்த அளவுக்கு அதனைக் காத்துவந்த குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அவருடைய ஆசிரியர்கள் அம்மரபினரே என்பதும், கௌரி அம்மாளும் காரைக்கால் சாரதாம்பாளும் கலாக்ஷேத்திராவில் கற்பித்தனர் என்பதும் மறக்கத்தக்கன அல்ல.

1936 ஜனவரியில் கலாக்ஷேத்திரா தோன்றியது. ஆடைக்கும் அணிகலனுக்கும் கோயிற் சிற்பங்களை முன்மாதிரியாகக் கொண்ட ருக்மிணி, இத்தாலியத் தையற்பெண்மணி ஒருவரின் துணையோடு புதிய ஆடலுடையை வடிவமைத்தார். பின்னாளில் பரதநாட்டிய மங்கையின் பொதுவுருவாகவே மாறிய விசிறி மடிப்பு உடைக்கு இம்முயற்சி வழிகோலியது. வேடங்களை அணிய மறுத்த பெண்ணே பல தலைமுறை மகளிர்க்கு ஒரு வேடத்தை வகுத்தளித்தார் என்பது இவ்வாழ்வின் முரண்களுள் ஒன்று.

5. குற்றாலக் குறவஞ்சி

தனியாடலிலிருந்து நாட்டிய நாடகத்துக்கு அவர் திரும்பியபோது, முதலில் தேர்ந்தெடுத்தது திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. வீணை கிருஷ்ணமாச்சாரியாரின் இசையமைப்பில் 1944இல் அது அரங்கேறியது. இத்தேர்வு ஆராயத்தக்கது. புராணத் தலைவியர் பலர் இருக்க, வகைமாதிரி மாந்தர் நிறைந்த சிற்றிலக்கியத்தை அவர் ஏன் நாடினார்?

குறவஞ்சியின் கட்டமைப்பு கொம்மேதியாவோடு வியத்தகு ஒப்புமை உடையது. கட்டியங்காரன் இறைவனின் உலாவை அறிவிக்கிறான். பந்தாடும் வசந்தவல்லி உலாவரும் குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்கிறாள், தோழியைத் தூதனுப்புகிறாள். குறத்தி வருகிறாள், மலைவளம் கூறுகிறாள், கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். அதன்பின் குறவனான சிங்கன், தன் துணைவன் நூவனோடு பறவை பிடிக்க வந்து, பிரிந்த சிங்கியைத் தேடுகிறான். உயர்ந்தோர் காதலும் எளியோர் காதலும் இருபகுதிகளாக அமைந்து ஒன்றையொன்று எதிரொளிக்கின்றன. இத்தாலிய மேடையிலும் முகமூடியற்ற காதலரின் ஏக்கத்தைப் பணியாட்களின் ஊடல் நகைச்சுவையாக மறுபதிப்புச் செய்யும்.

சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் பகுதி தூய லாட்ஸி. அவள் உடலில் உள்ள ஒவ்வோர் அணிகலனையும் காணாதன கண்டவன்போல் அவன் வினவுகிறான். காலில் கிடப்பது என்ன, கையில் சுற்றியது என்ன எனக் கேட்கக் கேட்க, எந்த நாட்டில் யார் தந்த பரிசு அது என அவள் விடை கூறுகிறாள். வினாவின் உள்ளே ஐயம் இருக்கிறது. விடையின் உள்ளே பெருமிதம் இருக்கிறது. நகைச்சுவைக்கு அடியில் உள்ள கேள்வி இதுதான்: வீட்டைவிட்டுச் சென்று உலகம் சுற்றி வந்த பெண் தன் உடைமைக்குக் கணக்குக் காட்ட வேண்டுமா?

இவ்விடத்தில் ருக்மிணி தேவியின் வாழ்வு நூலோடு இணைகிறது. வசந்தவல்லி ஓரிடத்தில் இருந்து ஏங்குபவள். குறத்தியோ நாடுகள் பல கடந்தவள். தன் சொல்லாலும் கலையாலும் ஈட்டியவள். ஈட்டியதைப் பிறர் முன் விளக்க நேர்ந்தவள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சுற்றி, மயிலையிலும் பந்தநல்லூரிலும் பரிசில் பெற்றுத் திரும்பிய ருக்மிணியை நோக்கியும் சமூகம் சிங்கனின் வினாக்களையே எழுப்பியது. இந்த ஆடல் எங்கிருந்து வந்தது, யார் தந்தது, எதற்கு ஈடாகப் பெற்றது என்பனவே அவ்வினாக்கள். அவருடைய கலைவாழ்வு முழுவதையும் அவ்வினாக்களுக்கான நீண்ட விடையாகக் கொள்ளலாம்.

6. கோணங்கியும் காவிய மாந்தரும்

குறவஞ்சியைத் தொடர்ந்து 1947இல் குமாரசம்பவம் அரங்கேறியது. 1955இல் சீதா சுயம்வரத்தோடு தொடங்கிய இராமாயண நாட்டிய நாடக வரிசை 1970இல் நிறைவுற்றது. அதன் பெரும்பகுதிக்கு இசையமைத்த மைசூர் வாசுதேவாச்சாரியார் 1961இல் மறைந்தபின், அவர் பேரர் எஸ். ராஜாராம் அப்பணியைத் தொடர்ந்தார். கதகளி வல்லுநர்களான அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் ஆகியோரின் பயிற்சி ஆடவர் பாத்திரங்களுக்கு உரம் சேர்த்தது.

இவ்வரிசையில் தனித்து நோக்கத்தக்கது மெலட்டூர்ப் பாகவத மேளாவோடு அவர் கொண்ட தொடர்பு. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் ஆடவர் மட்டுமே பெண்வேடமும் ஏற்று நடிக்கும் வழிபாட்டு நாடகம் அது. கூர்ங்குல்லாய் அணிந்த கோணங்கி முதலில் வந்து ஆடி அவையோரை அமைதிப்படுத்துவான். ஆர்லெக்கினோவின் துள்ளலையும் கட்டியங்காரனின் கடமையையும் ஒருங்கே கொண்ட வேடம் அது. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியின் உஷா பரிணயத்தை ருக்மிணி 1959இல் கலாக்ஷேத்திராவில் அரங்கேற்றினார். ஆடவர்க்கே உரிய மரபொன்றில் மகளிர் இடம்பெற்றனர். மகளிர் மரபு ஒன்றை ஏற்றுப் பொதுவாக்கியவர், ஆடவர் மரபு ஒன்றையும் அவ்வாறே பொதுவாக்கினார்.

எனினும் இம்மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. கொம்மேதியாவுக்கும் கூத்துக்கும் உயிர்நாடி மேடையிலேயே பிறக்கும் பேச்சு. கோமாளி அன்றைய ஊர்ச்செய்தியைப் பேசலாம். அவையிலுள்ள பெரிய மனிதரையும் சீண்டலாம். கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமோ வரையறுத்த இசைக்கும் வகுத்த அடவுக்கும் கட்டுப்பட்டது. துல்லியமே அதன் சிறப்பு. இத்தாலியில் பதினெட்டாம் நூற்றாண்டில் கார்லோ கொல்தோனி முகமூடி நாடகத்தைச் சீர்திருத்தி எழுத்துநாடகமாக்கியபோது, இதே கேள்வி கார்லோ கொட்ஸியால் கடுமையாக எழுப்பப்பட்டது. சீர்மை பெற்ற கலை, தன் குறும்பை எவ்வளவு இழக்கலாம் என்னும் அவ்வினாவுக்கு அங்கும் இங்கும் முடிவான விடை இல்லை.

சிருங்காரம் பற்றிய விவாதமும் இதனோடு தொடர்புடையது. தலைவியின் உடல்சார்ந்த ஏக்கத்தைப் பக்தியாக உயர்த்துவதே ருக்மிணி தேவியின் நோக்கு. சிருங்காரமே ஆடலின் மையம், அதனைத் தூய்மைப்படுத்தத் தேவையில்லை என்பது தஞ்சாவூர் பாலசரசுவதியின் நிலைப்பாடு. இருவருமே கௌரி அம்மாளிடம் பயின்றவர்கள். ஒரே தலைவி வேடத்தை ஒருவர் கோயில் கருவறையை நோக்கியும், மற்றொருவர் மனித நெஞ்சை நோக்கியும் திருப்பினர். வகைமாதிரி ஒன்றே, அதனுள் நிறைந்த வாழ்வு வேறு.

7. மறுத்த வேடமும் ஏற்ற வேடமும்

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி, விலங்குவதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டமியற்றும் என்னும் உறுதியின்பேரில் அது திரும்பப் பெறப்பட்டது. 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவர் விளங்கினார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டுக்கொண்டபோது அதனை ஏற்கவில்லை. நாட்டின் தலைமை வேடத்தைவிடத் திருவான்மியூர் மணல்வெளியில் தாம் வளர்த்த மரங்களும் மாணவர்களும் அவருக்குப் பெரியனவாக இருந்தன.

கலாக்ஷேத்திராவில் எல்லோரும் அவரை அத்தை என்றே அழைத்தனர். தமிழ் உறவுமுறையில் இச்சொல் தனித்தன்மையுடையது. தாயும் அல்லள், ஆசானும் அல்லள். கண்டிக்கும் உரிமையும் அரவணைக்கும் உரிமையும் உடையவள். உலக அன்னை என்னும் பெருவேடம் உதிர்ந்த இடத்தில், தமிழ் வீட்டுக்குரிய இந்த எளிய வேடம் நிலைத்தது. முன்னது மேலிருந்து சூட்டப்பட்டது; பின்னது பழக்கத்தால் விளைந்தது.

கேரளத்துக் கூத்தம்பல அமைப்பைத் தழுவிய பரத கலாக்ஷேத்திரா அரங்கு அவருடைய இறுதிக்காலத்தில் எழுந்தது. 1984இல் மீரா நாட்டிய நாடகத்தை அமைத்தார். 1986 பிப்ரவரி 24ஆம் நாள் அவர் மறைந்தார். 1993ஆம் ஆண்டின் கலாக்ஷேத்திரா அறக்கட்டளைச் சட்டம் அந்நிறுவனத்தைத் தேசிய முதன்மை வாய்ந்ததாக அறிவித்தது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

வகைமாதிரிப் பாத்திரம் என்னும் கருத்தாக்கம் தமிழுக்கு அயலானதன்று; அகத்திணை மாந்தர் தொடங்கிக் குறவஞ்சி மாந்தர் வரை அது தொடர்கிறது. கொம்மேதியா தெல்லார்தேயோடு அதனை ஒப்பிடுவதால், நகைச்சுவை மாந்தரின் நாடகப் பயன் தெளிவாகிறது.

ருக்மிணி தேவியின் வாழ்வில் இளம் மணமகள், உலக அன்னை, குடியரசுத் தலைவர் ஆகிய வேடங்கள் பிறரால் நீட்டப்பட்டவை. அவர் அவற்றை வாழ்ந்து பொய்யாக்கியோ, மெல்ல உதிர்த்தோ, மறுத்தோ கடந்தார்.

அவர் மேடைக்குக் கொணர்ந்த மரபுகள் மதிப்பையும் நிலைபேற்றையும் பெற்றன. அதற்கு ஈடாக அவற்றின் உடனடிப் புனைவும் குறும்பும் சுருங்கின. மரபுக்குரிய குடும்பங்களுக்கு உரிய இடம் முழுமையாகக் கிடைக்கவில்லை என்னும் குறையையும் சேர்த்தே அவர் பணி மதிப்பிடப்பட வேண்டும்.

அவர் வாழ்வுக்கு மிக நெருங்கிய வேடம் ஏங்கும் தலைவியன்று. நாடு சுற்றிப் பரிசில் பெற்று வந்து, ஒவ்வோர் அணிகலனுக்கும் அது கிடைத்த இடத்தைச் சொல்ல வேண்டியவளான குறத்தியே. அவ்விடையில் கௌரி அம்மாளின் பெயரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரும் விடுபடாதவரை, அவருடைய கலைவாழ்வின் கணக்கு நேர்மையானதாக நிற்கும்.